கவிழ்த்து வைத்த சட்டி

டப்பா சத்தம் போடவில்லை. தெருமுனை திரும்புகிற வரைக்கும் காளீஸ்வரிக்கு அது உறைக்கவே இல்லை. பக்கத்தில் வீட்டு ஓனர் விசாலாட்சியம்மா நடந்து வருகிறபோது வேறு எதுதான் உறைக்கும்? மற்ற நாட்களில் அவள் தனியாகத்தான் போவாள். தோளில் பை, பைக்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் செய்தித்தாளில் மடித்த முட்டை ஓடு. அடி எடுத்து வைக்க வைக்க ஓடு ஒன்றோடொன்று உரசி மெல்லியதாக ஒரு சத்தம் வரும். எதிரே வருகிறவர்களுக்குக் கேட்காது, பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்காது, அவள் காதுக்கு மட்டும் ஊருக்கே தண்டோரா போடுகிற மாதிரி இருக்கும். ஸ்டேஷன் வாசலில் இருக்கிற குப்பைத்தொட்டி வரும்வரை அந்தச் சத்தத்தோடுதான் நடப்பாள். பொட்டலத்தைத் தொட்டிக்குள் போட்டு, காலி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்த பிறகுதான் அன்றைய நாள் அவளுக்கு விடியும். நேற்று ரயிலுக்கு ஓடிய அவசரத்தில் கவனிக்கவில்லை, இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. இல்லாமல் இருப்பது நல்லதுதானே, அதுவும் இந்த அம்மா முழங்கை இடிக்கிற மாதிரி ஒட்டி வருகிற அன்றைக்கு இல்லாமல் இருப்பது மாரியாத்தா செய்த உபகாரம் என்றே நினைத்துக்கொண்டாள். தனுஷ்கோடி இன்றைக்குக் காகிதத்தை இரண்டு சுற்றாகச் சுற்றியிருப்பான். அவள் புருஷன் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. நோயில் படுத்தது ஒன்றைத்தான் நீங்கள் முன்கூட்டி யோசிக்காமல் செய்தீர்கள் என்று அவனைக் கேலி செய்வாள். உடம்பு தேறுகிற மாதிரி இருந்த நாட்களில் செய்த கேலி அது. "புரட்டாசி மொத சனிக்கிழமை. நீ ஸ்டேஷனுக்குப் போற வழியிலதானே பெருமாள் கோயில், வா, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிடலாம்" என்று விசாலாட்சியம்மா கேட்டில் நின்று கூப்பிட்டபோது, கடைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துணிக்கடையில் பில் போடுகிறவளுக்கு நேரமாவது என்ன அதிசயமா? வாய் வரவில்லை. பெரிய பொய் ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டால், அதைக் காவல் காக்கவே பொழுது சரியாகிவிடுகிறது. சின்னப் பொய்க்கு நாக்கில் தெம்பு இருப்பதில்லை.

அந்தப் பெரிய பொய்யை அவள்தான் சொன்னாள், அவன் சொல்லவில்லை. மறக்க நினைத்தாலும் நடக்கிற நேரமெல்லாம் மனசு அங்கேதான் போய் நின்றது. தனுஷ்கோடிக்கு நெஞ்சில் நீர் கோத்து, முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்து, இது காசநோய்தான், ஆனால் அடுத்தவருக்குப் பரவுகிற வகை இல்லை, மாதக்கணக்கில் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். கூடவே இரண்டு கட்டளையும் போட்டார். காற்றோட்டமான வீடாகப் பாருங்கள், தினம் இரண்டு முட்டை கொடுங்கள், எலும்பும் தோலுமாக இருக்கிறவருக்கு வெறும் மாத்திரை என்ன செய்யும் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அப்போது அவர்கள் இருந்தது தனுஷ்கோடி பைண்டிங் வேலை பார்த்த அச்சகத்துக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் காகிதத் தூசி, மூடினால் புழுக்கம். அவன் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இவள் மூச்சு நின்று நின்று வரும். காற்று வருகிற வீடாகத் தேடி அலைந்தபோதுதான் தெரிந்தது, இந்தப் பட்டணத்தில் காற்று வருகிற வீட்டுக்கெல்லாம் வாசலில் ஒரு கேள்வி நிற்கிறது. விசாலாட்சியம்மா வீட்டு மாடி போர்ஷனில் கிழக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல், வேப்பமரம் ஒன்று உள்ளேயே எட்டிப் பார்த்தது. தனுஷ்கோடி தெற்கு ஜன்னல் ஓரம் போய் நின்றான். காற்று அவன் சட்டையைத் தூக்கியது. பல நாளைக்கு அப்புறம் அவன் முழுசாக ஒரு மூச்சு இழுத்து, இருமல் வராமல் வெளியே விட்டதை அவள் பார்த்தாள். "நீங்க சைவம்தானே?" என்று விசாலாட்சியம்மா கேட்டார். தனுஷ்கோடி திரும்பினான். கடையில் மீதிச் சில்லறை கூடுதலாகக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிற பிறவி அவன்; அவன் வாயைத் திறந்தால் வீடு போய்விடும். "ஆமாம்மா, சைவம்தான்" என்று அவள் முந்திக்கொண்டாள். கீழே இறங்கி வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "காத்துக்கு ஒரு பொய், முட்டைக்கு ஒரு பொய்யா காளீ?" என்றான். காற்றுக்குத்தான் பொய், முட்டை நிஜம் என்று அவள் சொன்னாள். அப்போது அவன் சிரித்தான்.

அவள் சொன்னது பாதி பொய்தான் என்று அவளுக்கு அவளே ஒரு சமாதானமும் வைத்திருந்தாள். ஊசி போட்டு நீர் எடுத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இவர் எழுந்து நடக்கிற வரைக்கும் கவிச்சியைக் கையால் தொடுவேன், வாயால் தொடமாட்டேன் என்று ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் சைவம்தான். கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காத வீட்டில் பிறந்தவள், மாசக்கணக்காக ரசத்தையும் கீரையையும் தின்று நாக்குச் செத்துப்போய்க் கிடக்கிறாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ரயிலில் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தால் வாயில் எச்சில் ஊறியது, கண்ணிலும் ஊறியது. கனவில் நெத்திலி பொரிகிற சத்தம் கேட்டு, மாரியாத்தா கோபித்துக்கொள்வாளோ என்று பதறி எழுந்து உட்கார்ந்தாள். கனவில் தின்றால் கணக்கில் வருமா? யாரிடம் கேட்பது? ஆத்தாளுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த அந்த வழக்கில் முட்டை வேகவைப்பது மட்டும் தனியாக நின்றது. பொழுது விடியும்போதே சாம்பிராணி போட்டுவிடுவாள். மாடிக்கு என்ன பக்தி பார் என்று கீழே மெச்சிக்கொண்டார்கள். புகை நன்றாகப் பரவிய பிறகு கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிற சின்ன அலுமினியச் சட்டியை எடுத்து, ஒரு துளி புளி போட்டு, இரண்டு முட்டையை வேகவைப்பாள். வெந்த தண்ணீரை வேப்பமரத்து வேரில் ஊற்றக்கூட பயம், குளியலறையில் ஊற்றி மேலே சோப்புத்தண்ணீர் விடுவாள். சட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் கவிழ்ந்துகொள்ளும். முட்டையை உப்பு மிளகோடு அவன் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். அவன் தின்றுவிட்டு ஓட்டைக் காகிதத்தில் மடித்து டப்பாவில் வைத்து மூடிவிடுவான். இதையாவது நான் செய்கிறேனே என்று கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. இன்றைக்குக் காலையில், "சாப்பிட்டாச்சா?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "டப்பாவை எடுத்து வச்சிட்டேன் காளீ" என்றான். நேற்றும் அதையேதான் சொன்னான். முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். இரண்டு நாளாகப் பேச்சு குறைந்துதான் போயிருக்கிறது. போன தடவை எடை பார்த்தபோது முள் கொஞ்சம் ஏறியிருந்தது. வருகிற திங்கட்கிழமை இன்னும் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் என்ற நினைப்பை அவள் அரைகுறையாகவே விட்டுவிட்டு நடந்தாள்.

"பையைக் கொஞ்சம் குடேன், இந்தத் தேங்காய் பழத்தை உள்ள வச்சுக்கறேன், கை வலிக்குது" என்று விசாலாட்சியம்மா பைக்குக் கை நீட்டினார். காளீஸ்வரி பையை மறுபக்கம் தள்ளிக்கொண்டாள். "நானே வச்சுக்கிடுதேம்மா" என்று தேங்காயை வாங்கி, டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் மடியில் பிள்ளையைத் தாங்குகிற மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பெருமாளுக்குப் போகிற தேங்காயும் முட்டை ஓடும் ஒரே பைக்குள் இருக்கலாமா? ஆத்தா ஒரு பக்கம், பெருமாள் ஒரு பக்கம், இந்த அம்மா ஒரு பக்கம், எல்லாரும் சேர்ந்து அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பை அசைந்தபோது டப்பாவுக்குள் என்னவோ உருண்டு 'டொக்' என்று இடித்தது. ஓடு உருளுமா? காகிதத்தைக் கெட்டியாகச் சுருட்டியிருப்பான். நேற்றும் தொட்டியில் போட்டபோது பொட்டலம் 'தொப்'பென்றுதான் விழுந்தது. எங்கிருந்தோ ஒரு நாய் ஓடிவந்து தொட்டிக்குள் தலையை விட்டது. வெறும் ஓட்டைத் தின்ன இத்தனை ஆசையா என்று நினைத்துக்கொண்டே ரயிலுக்கு ஓடினாள். நினைப்பு அதற்கு மேல் போவதற்குள் விசாலாட்சியம்மா பேச ஆரம்பித்திருந்தார். அந்த அம்மாவுக்கு மெல்லிய குரல், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. தனுஷ்கோடி நெஞ்சுவலியில் துடித்த ஒரு நாள், கீழே இருந்து சுக்கு தட்டிப் போட்டுக் கஷாயம் கொண்டுவந்து, அவன் குடிக்கிற வரைக்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றவர். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று காளீஸ்வரிக்கு அடிக்கடி தோன்றும். கெட்டவளை ஏமாற்றினால் தூக்கம் வரும். மெயின் ரோடு முனையில் கறிக்கடை வந்தது. கோழிக் கூண்டு காலியாகக் கிடந்தது, கடைக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாத்தியா, புரட்டாசி பொறந்ததும் கடை எப்படிக் காத்து வாங்குது. மூக்கைப் பொத்தாம இந்தப் பக்கம் நடக்க முடியறது வருஷத்துல இந்த ஒரு மாசம்தான்" என்றார் விசாலாட்சியம்மா. கவிச்சி வாடை இல்லாத காற்று, கோயில் பக்கம் போகிற ஜனம், நெற்றியில் நாமம் போட்ட ஒரு சின்னப் பெண், இதையெல்லாம் பார்த்து அவளுக்கும் மனசு கொஞ்சம் இளகியது. மலைக்கோயிலுக்கு அம்மாவோடு நடந்துபோன சனிக்கிழமைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினாள். "எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா. புரட்டாசி பொறக்கிறதுக்கு மொத நாளே சட்டியெல்லாம் வெளக்கிக் கவுத்தி வச்சிருவோம். ஐப்பசி பொறந்தாத்தான் நிமித்துவோம்." சொல்லி முடித்து இரண்டு எட்டு வைத்த பிறகு விசாலாட்சியம்மா கேட்டார். "எந்தச் சட்டிம்மா?"

எந்தச் சட்டி. ரோட்டில் ஆட்டோ போனது, யாரோ மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். எந்தச் சட்டி? பிறவியிலேயே சைவமாக இருக்கிறவர்கள் வீட்டில் புரட்டாசிக்குக் கவிழ்க்க ஏது சட்டி? அவர்களுக்கு ஆவணியும் ஒன்றுதான் புரட்டாசியும் ஒன்றுதான். மீன் சட்டி இருக்கிறவள்தான் கவிழ்ப்பாள், கவிழ்த்தவள்தான் நிமிர்த்துவாள். இத்தனை மாசம் சாம்பிராணி போட்டு, சோப்புத்தண்ணீர் விட்டு, முட்டை வாங்குவதற்கு வேறு ஏரியாவில் இறங்கி, அதை முந்தானையில் சுற்றிக் குழந்தையைக் கடத்துகிற மாதிரி மாடிக்குக் கொண்டுபோய், கடைசியில் விரதத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டாயேடி! மீனைப் பற்றிச் சொன்னாயா, கறியைப் பற்றிச் சொன்னாயா? சுத்தத்தைப் பற்றிச் சொல்லப்போய், அதுதான் காட்டிக்கொடுத்துவிட்டது. "அதும்மா... பழைய சட்டி... எங்க அம்மா..." என்று என்னவோ சொன்னாள். எங்கள் அம்மா என்ன? அம்மா பக்கத்து வீட்டுச் சட்டியைக் கழுவினாளா? "ம்" என்றார் விசாலாட்சியம்மா. அவ்வளவுதான். அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது என்று காளீஸ்வரி துருவித் துருவிப் பார்த்தாள். கோபமா? இல்லையே, உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. சிரிப்பென்றால் இன்னும் மோசம். முதுகு வேர்த்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. இன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்வார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள், இந்த அம்மா எல்லாவற்றையும் மரியாதையாகத்தான் செய்வார்கள், வேறு வீடு பாத்துக்கோம்மா என்று. தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றி, அதற்கு மேல் அவனையும் உட்காரவைத்து, மறுபடி ஏதோ ஒரு ஜன்னலில்லாத அறை. மறுபடி அந்த மூச்சு. அங்கே முட்டை வேகவைத்து நடுத்தெருவில் வைத்துத் தின்னலாம், யாரும் கேட்கமாட்டார்கள், காற்றுத்தான் இருக்காது. இங்கே காற்று இருக்கிறது. ஒரு மனுஷன் பிழைக்க இரண்டு சாமான் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே வீட்டில் வைக்க ஏன் கடவுளுக்கு மனசு வரவில்லை? கால் தன்பாட்டுக்கு நடந்தது. விசாலாட்சியம்மா திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

கோயில் வாசலில் பூக்கடைக்கு முன்னால் விசாலாட்சியம்மா நின்றார். துளசி மாலை வாங்கினார். தேங்காயை வாங்கிக்கொள்ள வந்தவர், காளீஸ்வரியின் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏம்மா, இப்படி வேர்த்து ஊத்துது? கை ஜில்லுன்னு கெடக்கு. பயப்படாதே. எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். அப்புறம் சொன்னதெல்லாம் பூக்கடைக்காரி தண்ணீர் தெளிக்கிற சத்தத்தோடு கலந்து அவள் காதில் விழுந்தது. "உன் வீட்டுக்காரர் வியாழக்கிழமையே சொல்லிட்டார். நீ வேலைக்குப் போன பிறகு படியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கி வந்தார். மூச்சு வாங்க உக்காந்தார். பொய் சொல்லி வந்துட்டோம்மா, மனசு கேக்கலைன்னு கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கோபம் வரலைன்னு சொல்லமாட்டேன், வந்தது. எங்க சாமி ரூமுக்கு நேர் மேல முட்டை வெந்துதான்னு நெனச்சப்ப உடம்பே கூசிப் போச்சு. ஆனா அவரே சொல்லிட்டார், இனிமே தொடமாட்டேன், இது சத்தியம், வீட்டை விட்டு மட்டும் போகச் சொல்லாதீங்கன்னு. பெரிய மனுஷர்மா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? தாராளமா இருங்கன்னுட்டேன். உன்கிட்ட அவர் சொல்லலையாம், நீ சண்டை பிடிப்பேன்னு. அதான் நானே சொல்லிடலாம்னு கூட்டிட்டு வந்தேன்." காளீஸ்வரி வாய் திறந்தாள். "டாக்டரு... டாக்டரு சொன்னாரேம்மா." விசாலாட்சியம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "டாக்டர் ஆயிரம் சொல்வார். பருப்பு இல்லையா, பால் இல்லையா? பால் ஒத்துக்கலைன்னா தயிர் குடு. எங்க வீட்டுல எத்தனை தலைமுறையா ஒருத்தரும் தொட்டதில்லை, யாருக்கு என்ன கொறைஞ்சு போச்சு? பழகிடும்மா. மொதல்ல கஷ்டமா இருக்கும், அப்புறம் உடம்பே லேசாயிடும்." உடம்பு லேசாகிவிடும். எடை பார்க்கிற மிஷினில் அவன் ஏறி நிற்பது அவள் கண்ணுக்கு வந்தது. அந்த அம்மா சொல்வதில் ஒரு பொய் கிடையாது. அவர்கள் வீட்டில் யாருக்கும் குறையவில்லை. நெய்யும் பாலும் முந்திரியும் தின்று பிறந்ததிலிருந்து ஒத்துக்கொண்ட உடம்பு. இவனுக்குப் பால் குடித்தால் வயிறு போகும், தயிரைத் தொட்டால் இருமல், பருப்புத் தண்ணீர் குடித்தால் உப்பி மூச்சு முட்டும், ஆஸ்பத்திரியில் எல்லாம் கொடுத்துப் பார்த்துத்தான் முட்டையில் வந்து நின்றார்கள். இதையெல்லாம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. வீடு போகவில்லை என்று ஒரு பக்கம் மனசு கும்மாளம் போட்டது. அந்தக் கும்மாளத்தைப் பார்த்து அவளுக்கே அசிங்கமாக இருந்தது. "நீங்க வரிசையில நில்லுங்கம்மா, நான் செருப்பு விட்டுட்டு வாரேன்" என்றாள்.

செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. பழக்கதோஷத்தில் கை பைக்குள் போய் டப்பாவை எடுத்தது. வியாழக்கிழமை சொன்னான். வெள்ளிக்கிழமை, அதுதான் நேற்று, பொட்டலம் 'தொப்'பென்று விழுந்தது. டப்பாவை எடுத்து வச்சிட்டேன் காளீ. அவன் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டேன் என்று அவன் சொல்லவே இல்லையே, அவன்தான் பொய் சொல்லமாட்டானே! மூடியைத் திறந்து காகிதத்தைப் பிரித்தாள். இரண்டு முட்டையும் முழுசாக இருந்தன. ஒரு கீறல் இல்லை. இன்னும் இளஞ்சூடு இருந்தது. நேற்று இதே மாதிரி இரண்டை அவளே, தன் கையாலேயே, நாய்க்குப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடியிருக்கிறாள். அந்த நாய் கண்ணுக்கு வந்தது. கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த அம்மா மேல் வைக்க முடியவில்லை. ஆத்தா மேல் வைக்கப் பயமாக இருந்தது. கடைசியில் அவன் மேல்தான் வந்து உட்கார்ந்தது. வாக்குக் கொடுத்தாராம் வாக்கு! கீழ் வீட்டு அம்மாவுக்கு ஒரு வாக்கு. கழுத்தில் தாலி கட்டினபோது எனக்கு என்ன கொடுத்தாய், கடலைமிட்டாயா? உன் மனசு சுத்தமாக இருக்க வேண்டும், அதற்கு உன் உடம்பைக் கொடுப்பாய், அப்புறம் அந்தச் சுத்தமான மனசை நான் எங்கே வைத்துக் கும்பிட? வரிசையில் நின்ற விசாலாட்சியம்மா திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். காளீஸ்வரி டப்பாவை மூடினாள். கோயிலுக்குள்ளும் போகவில்லை, ஸ்டேஷனுக்கும் போகவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள். நடை வேகமாக வேகமாக டப்பாவுக்குள் இரண்டும் டொக் டொக்கென்று இடித்துக்கொண்டே வந்தன. கறிக்கடைக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

தனுஷ்கோடி தெற்கு ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வாசல் கதவு, ஜன்னல், எல்லாம் திறந்து கிடந்தன. எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேப்பங்காற்று அவன் தலைமயிரைக் கலைத்துக்கொண்டிருந்தது. "கடைக்குப் போகலியா?" என்றவன், அவள் டப்பாவைத் திறந்து அவன் மடியில் வைத்ததும் பேச்சை நிறுத்தினான். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் அவன் கழுத்தெலும்புக்குப் பின்னால் எவ்வளவு பெரிய குழி விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நாளில் இது விழுந்திருக்காது. அவள்தான் பார்க்காமல் இருந்திருக்கிறாள், பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு. "வாக்குக் குடுத்துட்டேன் காளீ" என்றான். "தெரியும்" என்றாள். "முட்டை இல்லாம இருந்துரலாம். இந்தக் காத்து இல்லாம எப்படி? அந்த ரூம்ல நீ தூங்காம என் மூச்சையே கேட்டுக்கிட்டுக் கெடந்தியே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" அவள் ஒரு முட்டையை எடுத்து நாற்காலிக் கையில் தட்டி உரித்தாள். ஓடு பொடிப்பொடியாகத் தரையில் விழுந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தரையில் விழுந்த முதல் ஓடு. காற்று அதைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போனது. அவள் பொறுக்கவில்லை. "வாயத் தொறங்க" என்றாள். அவன் தலையை ஆட்டினான். "மாரியாத்தாளுக்கு நான் குடுத்த வாக்கு என்னன்னு தெரியும்லா? நீங்க எந்திரிச்சு நடக்கணும்னு. அதுல பாதி நீங்க காப்பாத்தணும். வாயத் தொறங்கங்கேன்." அவன் அவள் முகத்தையே பார்த்தான். அப்புறம் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்தான். அவள் பாதியைப் பிய்த்து உள்ளே வைத்தாள்.

கீழே கேட் கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. "காளீஸ்வரி, பிரசாதம்கூட வாங்காம ஓடி வந்துட்டியே, உடம்புக்கு என்னம்மா?" என்று மெல்லிய குரல் படியேறி வந்தது. தனுஷ்கோடி மெல்லுவதை நிறுத்தினான். வாய் நிறைய முட்டையோடு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கண்ணில் நீர் கட்டி அவளைப் பார்த்தான். போய்க் கதவைச் சாத்தலாம், நாலு எட்டுத்தான். சாத்தினால் இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு? அவள் சாத்தவில்லை. "முழுங்குங்க" என்றாள். படியில் செருப்புச் சத்தம் நெருங்கியது, புளியோதரை வாசனை முன்னால் வந்தது. அவன் தொண்டை எலும்பு மேலே ஏறி, ஒரு நிமிஷம் அங்கேயே நின்று, கீழே இறங்கியது. மீதிப் பாதியையும் ஊட்டினாள். வாசலில் விசாலாட்சியம்மாவின் நிழல் விழுந்தது; தரையில் கிடந்த ஓட்டைப் பார்த்து அது அப்படியே நின்றது. காளீஸ்வரி திரும்பவில்லை. இரண்டாவது முட்டையை எடுத்து நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினாள்.